பாடியவர் பாட்டா, எழுதியவர் பாட்டா?



ஒருவர் பாடி இசைத்தட்டாக வெளிவந்த பாட்டை இன்னொருவர் தம் குரலில், தம் வாத்தியங்களோடு மறுபடி பதிவு செய்வதைக் கவர் பாட்டு என்கிறார்கள். ராக் இசை பிறந்தபோதே கவர் பாட்டும் உடன்பிறந்தது. ராக் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு வெகு சீக்கிரம் இங்கே வந்து நிற்கும். அசல் உயர்ந்ததா, கவர் உயர்ந்ததா? எது முதலில் வந்தது, எது மனத்தில் நின்றது? இந்தப் பேச்சை வெறும் அரட்டை என்று தள்ளிவிட முடியாது. ஒரே பாட்டை இரண்டு குரல்களில் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, பாட்டுக்குள் ஏற்கெனவே இருந்தது எது, பாடியவர் கொண்டுவந்து சேர்த்தது எது என்று பிரித்தறியும் காது வந்துவிடுகிறது. இசை இலக்கணம் படிக்காத லட்சக்கணக்கான ரசிகர்கள் அந்தக் காதைப் பெற்றது கவர் பாட்டுகளால்தான்.

அந்தப் பாட்டுகளும் அவற்றைக் கொண்டாடும் ரசிகர்களுமே இன்றைய பொருள். வழி நெடுக ஒரு கேள்வி கூடவே வரும்: இந்தப் பாட்டு யாருடையது?

முதல் உதாரணம் 1952இல் கிடைக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்று இரண்டு இளைஞர்கள். இருவருக்கும் வயது 19. ப்ளூஸ் பாடகி வில்லி மே தார்ன்டனுக்காக அவர்கள் எழுதிக் கொடுத்த பாட்டு 'ஹவுண்ட் டாக்'. 'பிக் மாமா' என்று பெயர் பெற்ற அந்தக் கறுப்பினப் பாடகி 1952 ஆகஸ்ட் 13ஆம் தேதி அதைப் பதிவு செய்தார். உழைக்காமல் ஒட்டிக்கொண்டு தின்னும் ஓர் ஆணை வாசலோடு விரட்டுகிற பெண்ணின் பாட்டு அது. உறுமலும் கேலியும் கலந்த குரல், அவசரமே இல்லாத தாளம், கிதார் வாசிக்கும்போது பாடகி அதனோடு பேசிக்கொண்டே போகிற துணிச்சல். 1953இல் வெளிவந்து, ஆர் அண்ட் பி பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அடுத்து நடந்தது என்ன? லாஸ் வேகஸில் ஃபிரெடி பெல் என்பவரின் குழு அதே பாட்டை வரிகளை மாற்றிப் பாடிக்கொண்டிருந்தது. ஆணை விரட்டிய பெண் காணாமல் போனாள். நிஜமாகவே ஒரு நாயைத் திட்டுகிற வேடிக்கைப் பாட்டாக அது ஆகியிருந்தது. 1956இல் அங்கே கச்சேரி செய்யப் போன எல்விஸ் பிரெஸ்லி அதைக் கேட்டார், பிடித்துப் போயிற்று. அந்த ஆண்டு ஜூலை 2ஆம் தேதி நியூயார்க்கில் பதிவு செய்தார். முப்பது தடவைக்கு மேல் பாடி, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். டிரம்ஸ் துப்பாக்கி வெடிப்பதுபோல் இடைமறிக்க, பாட்டு மூச்சு விடாமல் ஓடியது. அதே இசைத்தட்டின் மறுபக்கமான 'டோன்ட் பி க்ரூயல்' பாட்டோடு சேர்ந்து 11 வாரம் அமெரிக்கப் பட்டியலின் உச்சியில் நின்றது.

எல்விஸின் பதிவு கவருக்கே கவர். தார்ன்டன் பாடியதற்கும் அவர் பாடியதற்கும் பொதுவாக இருப்பது தலைப்பும், சில வரிகளும், மெட்டின் எலும்புக்கூடும் மட்டுமே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்றில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது, இன்னொன்றில் ஒரு முழு வேகம் இருக்கிறது. எல்விஸை மட்டும் கேட்டவர்கள் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். தமக்கு அந்தப் பாட்டால் மொத்தத்தில் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் பிற்காலத்தில் சொன்னார். 1984இல் வறுமையில் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது 2024இல்.

இது எப்படி நேர்ந்தது? ஏமாற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கவர் பாட்டின் வரலாறு புரியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துளையிட்ட காகிதச் சுருளை வைத்துத் தானே வாசிக்கும் பியானோக்கள் அமெரிக்க வீடுகளில் பெருகின. அந்தச் சுருள் இசைப் பிரதியின் நகல் ஆகாது என்று 1908இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இசையமைப்பாளர்கள் தவித்தார்கள். அதே சமயம், உரிமை முழுவதையும் அவர்களிடம் கொடுத்தால் ஒரு பெரிய பியானோ நிறுவனமே எல்லாவற்றையும் வாங்கிக் குவித்துவிடும் என்ற பயமும் இருந்தது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் நடுவழி ஒன்றைக் கண்டது. உரிமையாளர் அனுமதியோடு ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகிவிட்டால், அதன்பின் யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்யலாம். அனுமதி கேட்டுக் கெஞ்ச வேண்டாம். பிரதி ஒன்றுக்கு 2 சென்ட் கட்டினால் போதும். 1970களின் பிற்பகுதி வரை அந்த 2 சென்ட் மாறவே இல்லை. 2006 முதல் 2022 வரை 9.1 சென்ட், 2023இல் 12 சென்ட் என்று பிறகு ஏறியது.

அந்தக் காசு யாருக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாட்டை எழுதியவருக்கும் அதை வெளியிடும் உரிமை உள்ளவருக்கும் போகிறது. முதலில் பாடியவருக்கு ஒரு சென்ட்கூட இல்லை. ஒரு பாட்டுக்கு உயிர் கொடுத்த குரலைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தார்ன்டனுக்கு நேர்ந்தது இதுதான். சரி, தாமே எழுதியிருந்தால் தப்பியிருப்பாரா? 'பால் அண்ட் செயின்' அவரே எழுதிய பாட்டு. ஜேனிஸ் ஜாப்ளின் அதை அவரிடம் அனுமதி கேட்டுப் பாடினார். 1967இல் மான்டெரே விழாவில் அதைப் பாடித்தான் உலகப் புகழ் பெற்றார். ஆனால் பாட்டின் உரிமை அதற்கு முன்பே ஓர் இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. இரண்டாம் முறையும் தார்ன்டனின் கை வெறுங்கையானது.

1950களில் இது தனிக்கதை அல்ல, தொழில் முறையே அதுதான். கறுப்பினக் கலைஞர் ஒருவரின் பாட்டு ஓடத் தொடங்கியதும், வெள்ளையினப் பாடகர் ஒருவரை வைத்து அதை மெருகேற்றிப் பதிவு செய்து, கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளை ஒலிபரப்பாத வானொலி நிலையங்களுக்கு அனுப்புவார்கள். ஃபேட்ஸ் டாமினோவின் 'எய்ன்ட் தட் எ ஷேம்' பாட்டை 1955இல் பாட் பூன் பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அசல் பத்தாம் இடத்தோடு நின்றது. லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'க்கும் அதே கதி. அடுத்த பாட்டான 'லாங் டால் சாலி'யில் ரிச்சர்டும் அவருடைய தயாரிப்பாளரும் ஒரு வழி செய்தார்கள்: பூனின் நாக்கு எட்டாத வேகத்தில் வரிகளைப் பாடுவது. பூன் விடாமல் அதையும் பாடினார். ஆனால் அந்த முறை அசலே முந்தியது. ராக் இசைக்கு அடையாளமாகிப்போன அந்த மூச்சிரைக்கும் வேகத்துக்குக் கவர் பாட்டின் அச்சமும் ஒரு காரணம் என்பதை ரசிகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தியாவிலும் இதற்கென்று விதி உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 31சி பிரிவின்படி, முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழிந்த பிறகே அனுமதியின்றிக் கவர் பதிவு செய்யலாம். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். அமெரிக்க விதியைவிட இது பல மடங்கு கடுமை.

பணக் கணக்கு இத்துடன் இருக்கட்டும். கவர் பாட்டு பறிப்பாக மட்டும் இருந்திருந்தால் அதைக் கொண்டாட எவருக்கும் மனம் வராது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அதே ஆண்டுகளில், வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

லிவர்பூல் துறைமுக நகரத்தின் பையன்கள் அமெரிக்க இசைத்தட்டுகளைத் தேய்ந்துபோகும்வரை போட்டுக் கேட்டார்கள். கேட்டதை வாசித்துப் பார்த்தார்கள். பீட்டில்ஸ் குழு முதலில் ஒரு ரசிகர் கூட்டம், பிறகுதான் இசைக்குழு. அவர்களுடைய முதல் ஆல்பத்தில் உள்ள 14 பாட்டுகளில் 6 கவர் பாட்டுகள். அந்த ஆல்பத்தின் பத்துப் பாட்டுகள் 1963 பிப்ரவரி 11 என்ற ஒரே நாளில் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவாயின. கடைசிப் பாட்டு 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. டாப் நோட்ஸ் என்ற குழு 1961இல் பாடி, எடுபடாமல் போன பாட்டு அது. அடுத்த ஆண்டு ஐஸ்லி பிரதர்ஸ் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். ஜான் லெனனுக்கு அன்று கடும் ஜலதோஷம். தொண்டை போய்விடும் என்று தெரிந்தே அந்தப் பாட்டை இரவுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். முதல் தடவை பாடியதே தட்டில் ஏறியது. இரண்டாம் தடவைக்குக் குரல் இல்லை. கிழிந்த அந்தக் குரலைக் கேட்கும் எவரும் அதை நகல் என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு கேள்வி எழுகிறது. ஒவ்வொரு கவருக்கும் பின்னால் ஓர் அசல் கட்டாயம் இருக்கிறதா? 'த ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' யார் எழுதியது என்று எவருக்கும் தெரியாது, நாட்டார் பாட்டு. நியூயார்க் பாடகர் டேவ் வான் ராங்க் அதற்குப் புதிதாக ஒரு கிதார் அமைப்பு செய்து பாடிவந்தார். இளம் பாப் டிலன் அந்த அமைப்பையே எடுத்து, 1962இல் வந்த தம் முதல் ஆல்பத்தில் பாடிவிட்டார். 1964இல் இங்கிலாந்தின் அனிமல்ஸ் குழு மின்கிதாரும் ஆர்கனும் சேர்த்து அதைப் பதிவு செய்தது; ஒரே தடவையில் வாசித்து முடித்த நாலரை நிமிடப் பதிவு, பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம். டிலனிடமிருந்து திருடிவிட்டதாக வான் ராங்க்கைக் குறை சொன்னார்கள் கேட்பவர்கள். அவர் அந்தப் பாட்டைப் பாடுவதையே விட்டார். பிறகு அனிமல்ஸிடமிருந்து திருடியதாக டிலனைச் சொன்னார்கள், அவரும் விட்டார். வான் ராங்க் சொல்லி ரசிகர் உலகம் முழுக்கப் பரவிய கதை இது. இந்தப் பாட்டு யாருடையது? பதில் சொல்ல ஆளில்லை.

டிலன் பெயர் வந்த பிறகு, ராக் வரலாற்றின் மிகப் பெரிய கவர் பாட்டுக்கு வராமல் இருக்க முடியாது.

1967 டிசம்பர் கடைசியில் டிலனின் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' ஆல்பம் வெளிவந்தது. அதில் 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' இரண்டரை நிமிடப் பாட்டு. ஒரு கிதார், ஒரு மவுத் ஆர்கன், பேஸ், டிரம்ஸ். அவ்வளவே. கார்டு எனப்படும் சுரக்கூட்டுகள் மூன்றே மூன்று திரும்பத் திரும்ப வருகின்றன, பல்லவி கிடையாது. கோமாளியும் திருடனும் பேசிக்கொள்கிறார்கள், தொலைவில் ஒரு கோட்டை, இரண்டு குதிரைக்காரர்கள் வருகிறார்கள், பாட்டு முடிந்துவிடுகிறது. கதை தொடங்க வேண்டிய இடத்தில் டிலன் நிறுத்திவிடுகிறார். வறண்ட, அடங்கிய, பயமுறுத்தும் பாட்டு.

சில வாரங்களில், 1968 ஜனவரியில், லண்டன் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதைத் தொட்டார். டிலன் மேல் அவருக்கு இருந்தது தீராத பக்தி. டிராஃபிக் குழுவின் டேவ் மேசன் 12 தந்திக் கிதார் வாசித்தார். பேஸ் வாசிக்க வேண்டிய நோயல் ரெடிங் நடுவில் எழுந்து போய்விட, ஹெண்ட்ரிக்ஸே பேஸையும் வாசித்தார். பிறகு மாதக்கணக்கில் நியூயார்க்கில் அடுக்கடுக்காகக் கிதார்களைச் சேர்த்துக்கொண்டே போனார். செப்டம்பரில் தட்டு வெளிவந்தது. நான்கு நிமிடம். அமெரிக்காவில் 20ஆம் இடம், பிரிட்டனில் 5ஆம் இடம்.

என்ன செய்தார் ஹெண்ட்ரிக்ஸ்? சொல்லைத் தொடவில்லை. அந்த மூன்று கார்டுகளைத் தாண்டவும் இல்லை. டிலன் சொல்லாமல் விட்டதை மட்டும் வாசித்தார். டிலனின் பாட்டில் காற்று வீசுவதாக ஒரு சொல்தான் வருகிறது. ஹெண்ட்ரிக்ஸின் பதிவில் காற்றே வீசுகிறது. நடுவில் வரும் நீண்ட கிதார் வாசிப்பு நான்கு பகுதியாகப் பிரிகிறது. முதலில் தெளிந்த ஒலி, பிறகு கண்ணாடியில் எதையோ வழுக்கவிட்டது போன்ற ஓசை, பிறகு வா-வா பெடலின் முனகல், கடைசியில் தாளத்தோடு ஒட்டி வெட்டும் கார்டுகள். நான்கும் நான்கு பேர் வாசித்ததுபோல் இருக்கும், ஒருவரே. டிலன் கதையை நிறுத்திய இடத்தில் ஹெண்ட்ரிக்ஸின் கிதார் மேலே மேலே ஏறிப் போகிறது. வரப்போகும் ஆபத்தை டிலன் அறிவிக்கிறார், ஹெண்ட்ரிக்ஸ் அதைக் கண்ணெதிரே நிறுத்துகிறார். இரண்டில் எது மேல் என்று ரசிகர்கள் சண்டை போடுவது இன்றும் ஓயவில்லை. ஓயவும் கூடாது. ஆனால் டிலனின் வறட்சி இல்லாமல் ஹெண்ட்ரிக்ஸின் புயலுக்கு இடமே இருந்திருக்காது என்பதைச் சண்டையின் நடுவிலும் மறக்கலாகாது.

இதன் தொடர்ச்சி இன்னும் வியப்பானது. டிலன் இந்தப் பாட்டை மேடையில் பாடத் தொடங்கியதே 1974இல், ஹெண்ட்ரிக்ஸ் இறந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. பாடியதும் ஹெண்ட்ரிக்ஸின் வழியில், மின்கிதார்களோடு. அவருக்குச் செலுத்தும் அஞ்சலியாகவே அப்படிப் பாடுவதாக டிலன் பிற்பாடு சொன்னார். அதன்பின் தம் வாழ்நாளில் மேடையில் அதிகத் தடவை அவர் பாடிய பாட்டு அதுவே ஆயிற்று. எழுதியவரே கவரைக் கவர் செய்தார்! சட்டப்படியோ, ஹெண்ட்ரிக்ஸின் தட்டு விற்ற ஒவ்வொரு தடவையும் பாட்டுக்கான காசு டிலனுக்குத்தான் போயிற்று. ஹெண்ட்ரிக்ஸ் செய்த அமைப்பையே பின்பற்றி வேறொருவர் பாடினாலும் காசு டிலனுக்குத்தான் போயிற்று. மறுஆக்கம் செய்தவரின் கற்பனைக்குச் சட்டத்தில் தனி இடம் கிடையாது. ரசிகர்களின் மனத்தில் இருக்கிறது.

பாட்டைப் பெரிதாக்கியவர்கள் போலவே, அதைச் சுருக்கியவர்களும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' 1965இல் வந்தது. அதன் கிதார் மெட்டை உண்மையில் எக்காளங்கள் வாசிக்க வேண்டும் என்றுதான் கீத் ரிச்சர்ட்ஸ் எண்ணியிருந்தார். அதே ஆண்டில் ஓடிஸ் ரெடிங் எக்காளங்களை வைத்தே பாடிக் காட்டினார். 1970களின் இறுதியில் டீவோ குழு அதை இயந்திரத்தின் நடுக்கம்போல் உடைத்து வாசித்தது. வெளியிடும் முன் ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகருக்குப் போட்டுக் காட்ட, அவர் எழுந்து ஆடினார். 2000இல் கேட் பவர் என்ற பாடகி அந்தப் புகழ்பெற்ற கிதார் மெட்டையும் எடுத்துவிட்டார், எல்லோருக்கும் தெரிந்த பல்லவியையும் எடுத்துவிட்டார். மிஞ்சியது ஒரு தனிமையான குரலும் கிதாரும். அசலில் இரைச்சலுக்கு அடியில் கிடந்த சலிப்பு அப்போதுதான் மேலே வந்தது.

சுருக்கிப் பாடுவதில் ஜானி கேஷை மிஞ்சியவர் இல்லை. 'ஹர்ட்' என்ற பாட்டை எழுதியவர் நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர். 1994இல் 'த டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்தின் முடிவில் வரும் அந்தப் பாட்டு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஓர் இளைஞனின் குரல். வேண்டுமென்றே உரசும் சுரங்கள், முடிவில் காதைக் கிழிக்கும் ஓர் ஓசைச் சுவர். தயாரிப்பாளர் ரிக் ரூபின் இதைக் கேஷிடம் கொண்டுபோனார். எழுபது வயது, நோயாளி, கன்ட்ரி இசையின் மூத்த தலைவர். இவர் எப்படி அந்த இளைஞனின் பாட்டைப் பாடுவார்?

பாடினார். உரசிய சுரங்களை நேராக்கினார். ஒரே ஓர் ஆபாசச் சொல்லை எடுத்துவிட்டு, கிறிஸ்துவின் முள்முடி நினைவுக்கு வருமாறு 'முள்' என்ற சொல்லை வைத்தார். வேறெதுவும் மாறவில்லை. ஆனால் இளைஞனின் வாயில் 'இதுவரை என்ன கெடுத்துக்கொண்டேன்' என்று கேட்ட பாட்டு, கிழவரின் வாயில் 'வாழ்ந்து முடித்தது என்ன' என்று கேட்டது. மெல்லத் தொடங்கி ஒரே பியானோ சுரம் ஓங்கி ஓங்கி அடிக்க, குரல் நடுங்கியபடி அதற்கு மேல் நிற்கிறது. நடுக்கத்தை மறைக்க அவர் எதுவும் செய்யவில்லை. 2002இல் வந்த அந்தப் பாட்டுக்கு மார்க் ரோமனெக் எடுத்த காணொளியில், கேஷின் வீடும், மூடிக் கிடந்த அவருடைய அருங்காட்சியகமும், அவரைப் பார்த்து நிற்கும் மனைவி ஜூன் கார்டரும் வருகிறார்கள். 2003 மே மாதம் ஜூன் இறந்தார். செப்டம்பர் 12ஆம் தேதி கேஷ் இறந்தார். கேஷ் பாடுவதில் முதலில் ரெஸ்னருக்குத் தயக்கம் இருந்தது. காணொளியைப் பார்த்த பிறகு, இனி அது தம் பாட்டு அல்ல என்று அவரே சொன்னார். எழுதியவர் இப்படி மனமுவந்து கைமாற்றிக் கொடுத்ததற்கு ராக் இசையில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

சில பாட்டுகள் கவர் வழியாகத்தான் பிறக்கவே செய்கின்றன. லெனர்ட் கோயனின் 'ஹாலலூயா' 1984இல் வந்த ஆல்பத்தில் இருந்தது. அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட அவருடைய இசைத்தட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. 1991இல் கோயனுக்கு அஞ்சலியாக வந்த தொகுப்புக்காக ஜான் கேல் பாட முன்வந்தபோது, கோயன் தம்மிடம் இருந்த சரணங்களையெல்லாம் ஃபேக்ஸில் அனுப்பினார். பதினைந்து பக்கம் வந்தது. கேல் தமக்கு வேண்டியதைத் தேர்ந்து பியானோவோடு பாடினார். அதைக் கேட்டு 1994இல் ஜெஃப் பக்லி ஒற்றைக் கிதாரோடு பாடினார். 2001இல் 'ஷ்ரெக்' படத்தில் கேலின் குரல் ஒலித்தது. 2008 டிசம்பரில் பிரிட்டன் பட்டியலில் அலெக்சாண்ட்ரா பர்க் பாடியது முதலிடம், பக்லி பாடியது இரண்டாமிடம், கோயன் தாமே பாடிய அசல் 36ஆம் இடம். ஒரே வாரத்தில் ஒரே பாட்டு மூன்று குரல்களில்.

ரசிகர் பக்கம் திரும்பலாம். கலைஞர்களும் ரசிகர்களே என்பதை 1993 நவம்பர் 18ஆம் தேதி நியூயார்க்கில் நிர்வாணா குழு காட்டியது. எம்டிவி நிகழ்ச்சிக்காக அன்று அவர்கள் பாடிய 14 பாட்டுகளில் 6 பிறருடையவை. தங்கள் புகழ்பெற்ற பாட்டுகளை வாசித்துக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, அதிகம் பேருக்குத் தெரியாத மீட் பப்பெட்ஸ் குழுவின் சகோதரர்களை மேடைக்கே அழைத்து, அவர்களுடைய மூன்று பாட்டுகளை அவர்களோடு சேர்ந்து நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் பாடினார். டேவிட் பொவி 1970இல் பதிவு செய்த 'த மேன் ஹூ சோல்ட் த வேர்ல்ட்' வந்தது. முடிவில் லெட் பெல்லி பாடிவந்த பழைய நாட்டார் பாட்டு ஒன்று. பிறகு பொவி தம் மேடையில் தம் பாட்டைப் பாடினால், நிர்வாணா பாட்டைப் பாடுகிறாரே என்று இளைஞர்கள் பாராட்டினார்களாம். அந்த இளைஞர்களில் பலர் அந்த ஒரு நிகழ்ச்சியால் பொவியிடமும் லெட் பெல்லியிடமும் போய்ச் சேர்ந்தார்கள். நல்ல கவர் பாட்டு கேட்பவரை அசலை நோக்கி அனுப்பிவைக்கும்.

மாற்றாமல், அச்சு அசலாக வாசிப்பதை விரும்பும் ரசிகர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. 1988இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிங்க் ஃபிலாய்டின் ரசிகர்கள் தொடங்கிய குழு, அந்தப் பாட்டுகளை மட்டுமே வாசித்து, 1996இல் பிங்க் ஃபிலாய்டின் டேவிட் கில்மரின் ஐம்பதாம் பிறந்தநாள் விழாவிலேயே வாசித்தது. மணிலாவில் ஆர்னல் பினேடா என்ற பாடகர் தம் குழுவோடு மேலைநாட்டு ராக் பாட்டுகளை விடுதிகளில் பாடிவந்தார். அந்தப் பாட்டுகளின் காணொளிகளை 2007இல் யூடியூபில் பார்த்தவர் ஜர்னி குழுவின் கிதார் கலைஞர் நீல் ஷான். சில மாதங்களில் பினேடா அந்தக் குழுவின் முதன்மைப் பாடகர் ஆனார். பிறர் பாட்டைப் பாடிப் பாடியே தம் குரலைத் தீட்டிக்கொண்டவர் அவர்.

இனி ஒரே பாட்டு, நூற்றுக்கணக்கான கவர்கள். 'லூயி லூயி'யை ரிச்சர்ட் பெரி என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் கறுப்பினப் பாடகர் 1957இல் வெளியிட்டார். மாலுமி ஒருவன் மதுக்கடைக்காரரிடம் தன் காதலியைப் பற்றிச் சொல்லும் எளிய பாட்டு. கல்யாணச் செலவுக்காகப் பெரி பாட்டின் உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார். 1963இல் போர்ட்லண்ட் நகரின் கிங்ஸ்மென் என்ற இளைஞர் குழு, சுமார் 50 டாலர் செலவில் அதைப் பதிவு செய்தது. மைக் எங்கோ உயரத்தில் தொங்கியது. பாடிய ஜாக் ஈலி அண்ணாந்து கத்தினார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. கிதார் வாசிப்பு முடிந்து, சற்று முன்னதாகவே பாடத் தொடங்கிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். அந்தப் பிழை அப்படியே தட்டில் ஏறிற்று, பிறகு பாடிய பலர் அந்தப் பிழையையும் சேர்த்தே பாடினார்கள்! பட்டியலில் இரண்டாம் இடம் வரை போன அந்தப் பாட்டில் ஆபாசம் இருப்பதாகப் புகார் கிளம்பி, எஃப்பிஐயே விசாரித்தது. எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டாலும் வரிகள் விளங்கவில்லை என்பதுதான் முடிவு.

மூன்றே கார்டுகள் கொண்ட இந்தப் பாட்டு, கிதார் பிடிக்கக் கற்ற எந்தப் பையனும் முதல் வாரத்தில் வாசிக்கக்கூடியது. எனவே எல்லோரும் வாசித்தார்கள். 1983 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் கேஎஃப்ஜேசி என்ற கல்லூரி வானொலி நிலையம் 'லூயி லூயி'யை மட்டுமே 63 மணி நேரம் இடைவிடாமல் ஒலிபரப்பியது. எண்ணூறுக்கும் மேற்பட்ட பதிவுகள். பங்க், ஜாஸ், அணிவகுப்பு பேண்டு வாத்தியம், வீட்டில் கேசட்டில் பாடியனுப்பியவை என்று எல்லாம் அதில் இருந்தன. ரிச்சர்ட் பெரியும் ஜாக் ஈலியும் அந்த நிலையத்துக்கே வந்து பாடினார்கள். பல ஆண்டுகளுக்கு முன் தாம் விற்றுவிட்ட பாட்டு இத்தனை குரல்களில் வாழ்வதைப் பெரி அங்கே கேட்டார். சில ஆண்டுகளில் வழக்கறிஞர்கள் துணையோடு தம் உரிமையில் ஒரு பங்கை மீட்டார். 1997இல் இறக்கும்போது அவர் ஏழை அல்ல. தார்ன்டனுக்குக் கிடைக்காத நியாயம் அவருக்குக் கிடைத்தது. பாட்டை எழுதியவர் அவர் என்பதால்.

ரசிகர்களின் அன்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இத்தாலியின் செசெனா நகரம் சாட்சி. ஃபூ ஃபைட்டர்ஸ் குழு தங்கள் ஊருக்கு வந்து வாசிக்க வேண்டும் என்று அங்கே சில ரசிகர்களுக்கு ஆசை. கடிதம் எழுதினால் யார் படிப்பார்கள்? 2015 ஜூலை 26ஆம் தேதி ஒரு பூங்காவின் புல்வெளியில் ஆயிரம் இசைக்கலைஞர்கள் கூடினார்கள். 350 கிதார், 250 பாடகர்கள், 250 டிரம்ஸ், 150 பேஸ். எல்லோரும் ஒரே நேரத்தில் 'லேர்ன் டு ஃப்ளை' பாட்டை வாசித்தார்கள். ஆயிரம் பேர் ஒரே தாளத்தில் வாசிப்பது எளிதல்ல; ஒலி தூரத்தைக் கடக்க நேரம் பிடிக்கும், பின்வரிசைக்கு முன்வரிசையின் அடி தாமதமாகத்தான் கேட்கும். அதனால் நடுவே உயர்ந்த மேடையில் நின்ற ஒருவரின் கையசைவையும், காதில் மாட்டிய கருவியில் கேட்ட தாளத்தையும் பின்பற்றினார்கள். பாட்டு முடிந்ததும், ஒருங்கிணைத்த ஃபாபியோ சாஃபாஞ்ஞீனி குழுவைச் செசெனாவுக்கு அழைத்துப் பேசினார். காணொளி உலகம் முழுக்கப் பரவியது. குழுவின் தலைவர் டேவ் க்ரோல் இத்தாலிய மொழியிலேயே பதில் சொல்லிக் காணொளி அனுப்பினார். நவம்பர் 3ஆம் தேதி ஃபூ ஃபைட்டர்ஸ் செசெனாவில் வாசித்தார்கள்.

வந்த ஆயிரம் பேரும் அத்தோடு கலைந்துபோகவில்லை. 'ராக்கின் 1000' என்ற பெயரில் தொடர்ந்து கூடினார்கள். ஊருக்கு ஊர் புதியவர்கள் சேர்ந்தார்கள். 2019 கோடையில் பாரிஸின் ஸ்டாட் த ஃப்ரான்ஸ் விளையாட்டரங்கில் அவர்கள் நடத்திய கச்சேரிக்குப் பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள். வாசித்தது முழுக்கக் கவர் பாட்டுகள்.